பெற்றோல் 305: ஸ்கூட்டரை விற்றுவிட்டு கரண்ட் ஸ்கூட்டர் வாங்கலாமா?

1 ஜூலை 2025, காலை (வாசகர் கேள்வி)

நேற்று நள்ளிரவிலிருந்து 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 12 ரூபாய் கூடி 305 ஆகிவிட்டது. நான் பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். போக வர எப்படியும் எழுபது கிலோமீற்றர் வரும். என்னிடம் இருப்பது 110 சிசி ஸ்கூட்டர், 2016இல் எடுத்தது. மைலேஜ் முந்தி மாதிரி இல்லை. இதை விற்றுவிட்டு கரண்ட் ஸ்கூட்டர் எடுத்தால் தப்பலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பெண் பிள்ளை தனியாக ஓடுகிற தூரம் இது, நடுவழியில் சார்ஜ் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1 ஜூலை, மதியம்

விற்க அவசரப்பட வேண்டாம் தங்கச்சி. முதலில் உங்கள் ஸ்கூட்டர் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று சொல்லுங்கள். "முந்தி மாதிரி இல்லை" என்பது கணக்கு இல்லை. களுவாஞ்சிக்குடியில் கராஜ் வைத்திருக்கிறேன், வருகிறவர்களில் அநேகம் பேருக்கு இந்த எண் தெரியாது. ஐந்நூறு ரூபாய்க்கு அடிப்பார்கள், முடிந்ததும் இன்னொரு ஐந்நூறு. அப்படி அடித்தால் ஆயுளுக்கும் தெரியாது.

டாங்கியை விளிம்பு வரை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் ஓடிவிட்டு அதே பெற்றோல் செட்டில் அதே விளிம்பு வரை திரும்ப நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் தரம் அடித்த லீற்றரால் பிரித்தால் சரி.

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், உங்கள் ஸ்கூட்டர் நல்ல நிலையில் 50 ஓடவேண்டும். 50 ஓடினால் எழுபது கிலோமீற்றருக்கு 1.4 லீற்றர், 427 ரூபாய். 35தான் ஓடுகிறது என்றால் 2 லீற்றர், 610 ரூபாய். வித்தியாசம் நாளுக்கு 183 ரூபாய். நேற்றுக் கூட்டிய 12 ரூபாயால் உங்களுக்கு வந்த கூடுதல் செலவு, 35 ஓடுகிற வண்டியிலும் நாளுக்கு 24 ரூபாய்தான். விலை ஏற்றத்துக்குக் கொதிக்கிறோம், கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதைப்போல ஏழு மடங்கு உங்கள் வண்டிக்குள்ளேயே ஒழுகிக்கொண்டிருக்கலாம்.

1 ஜூலை, இரவு

எங்கே ஒழுகுகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

காற்று. பெரும்பாலான 110 சிசி ஸ்கூட்டர்களில் தனியே ஓடும்போது பின் டயருக்கு 29 பிஎஸ்ஐ வேண்டும். கராஜுக்கு வருகிற வண்டிகளில் 15, 16 இருக்கும். கையால் அமுக்கிப் பார்த்து "காற்று நிக்குது" என்பார்கள். மீற்றர் வைத்துப் பாருங்கள்.

பிரேக். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு பின் சில்லைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். "சர்" என்று உரசி உடனே நின்றால் பிரேக் சூ பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் அந்த பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் வண்டியை இழுக்கிறது. கடற்கரை ஊர்களில் இது இன்னும் மோசம். உப்புக் காற்றில் பிரேக் கேம் துருப்பிடித்து இறுகிவிடும். லீவரை விட்டாலும் சூ முழுதாகத் திரும்பாது.

ஏர் பில்டர். இப்போது சிறுபோக நெல் வெட்டுத் தொடங்குகிற காலம். வயல் வீதிகளில் மெசின் கிளப்புகிற தூசும் உமித் தூளும் பில்டரில் அப்பிக்கொள்ளும். காற்று குறைந்தால் கார்பரேட்டர் வண்டியில் பெற்றோலின் விகிதம் கூடிவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் நல்லது. கறுத்து, விரலில் கரி ஒட்டினால் பெற்றோல் எரியாமலே போகிறது என்று அர்த்தம்.

இன்று பின்னேரம் ஒரு வண்டி வந்தது. மைலேஜ் இல்லை என்றார். பிளக் கன்னங்கரேல். பில்டர் சுத்தம், பிரேக் சரி. கார்பரேட்டரை இறக்கி மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் சிவப்பாகத் துருத் தூள், டாங்கியிலிருந்து வந்தது. அந்தத் தூளில் ஒரு துகள் ஊசி வால்வின் வாயில் உட்கார்ந்திருந்தது. வால்வு மூடாததால் பெற்றோல் கூடுதலாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஊசியைத் துடைத்து, டாங்கியைக் கழுவி, குழாயில் ஒரு சின்ன பெற்றோல் பில்டர் போட்டுக் கொடுத்தேன். அவர் புது பைக்குக்கு லீசிங் பேசி வைத்திருந்தவர்.

2 ஜூலை

"95 ஒக்டேன் அடித்தால் மைலேஜ் கூடும், நான் அடிக்கிறேன்" என்று எழுதியவருக்கு: கூடாது. ஒக்டேன் என்பது பெற்றோலுக்குள் இருக்கும் சக்தியின் அளவு இல்லை. அழுத்தும்போது தானாகத் தீப்பிடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அழுத்த விகிதம் கூடிய எஞ்சினுக்கு அது தேவை. நம்மூரில் ஓடுகிற 100, 110, 125 சிசி வண்டிகள் 92க்கே செய்யப்பட்டவை. அந்தக் கூடுதல் காசுக்கு ஒயில் மாற்றுங்கள்.

2 ஜூலை, இரவு

வேகத்தைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50இல் போகும்போது இருக்கிற எதிர்ப்பு 70இல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கல்லாற்றிலிருந்து டவுன் வரை மேடு பள்ளம் கிடையாது, தட்டை வீதி. எஞ்சின் செலவழிப்பதெல்லாம் காற்றுக்கும் டயருக்கும்தான். களுவாஞ்சிக்குடி, களுதாவளை, செட்டிபாளையம், ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஊருக்கு ஊர் சந்தி. 70இல் போய்ச் சந்தியில் பிரேக் பிடிப்பவரும் 50இல் போகிறவரும் கல்லடிப் பாலத்தில் ஒன்றாகத்தான் நிற்பார்கள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இந்த மாதம் கச்சான் காற்று வேறு. மேற்கே போகும்போது முகத்தில் அறைகிற காற்று. அந்த நேரம் ஆக்ஸிலேட்டரை முறுக்கி வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் பெற்றோல் பறக்கும். வேகத்தில் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் குறைத்து ஓடுங்கள்.

3 ஜூலை

இனி கரண்ட் ஸ்கூட்டருக்கு வருவோம். "பாஸ், நீங்க பெற்றோல் வண்டி திருத்திப் பிழைக்கிறவர், அதனாலதான் கரண்ட் வேண்டாம் என்கிறீங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள்.

சாதாரண கரண்ட் ஸ்கூட்டர் மிதமான வேகத்தில் கிலோமீற்றருக்கு 30 வாட்-மணி அளவில் எடுக்கும். எழுபது கிலோமீற்றருக்கு 2.1 அலகு (யூனிட்) கரண்ட். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் இரண்டரை அலகு. அலகு 40 ரூபாய் என்று வைத்தாலும் 100 ரூபாய். நல்ல மைலேஜ் தரும் பெற்றோல் வண்டிக்கே 427. எரிசக்திச் செலவில் கரண்ட் வெல்கிறது. பெற்றோல் எஞ்சின் தனக்குள் போகிற சக்தியில் கால்வாசியைக்கூடச் சில்லுக்குக் கொடுப்பதில்லை, மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. மின் மோட்டார் பெரும்பங்கைச் சில்லுக்குக் கொடுக்கும். அதில் வாதம் இல்லை.

ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. மின்கட்டணம் ஜூன் 12ஆம் திகதிதான் 15 சதவீதம் ஏறியது. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். அலகு கூடக் கூட, கடைசி அலகின் விலையும் கூடும். மாதத்துக்கு அறுபது அலகு கூடினால் உங்கள் பில் எந்தப் படிக்குப் போகும் என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். பிரிட்ஜும் மோட்டரும் இருக்கிற வீட்டுக்கு அது ஒரு விலை, இரண்டு பல்பு எரிகிற வீட்டுக்கு வேறு விலை.

மற்றது பற்றரி. விலை குறைந்த ஸ்கூட்டர்களில் வருவது ஈய-அமிலப் பற்றரி. 60 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் 1.2 அலகு. முழுதாக இறக்கினாலும் 40 கிலோமீற்றர்தான். தங்கச்சி, உங்களை அது டவுனில் கொண்டுபோய் விடும், திரும்பக் கொண்டுவராது. கந்தோரில் சார்ஜ் போட விடுவார்கள் என்றால் வேறு கதை. அதுவும் ஒவ்வொரு நாளும் முழுதாக இறக்கி முழுதாக ஏற்றினால் ஈய-அமிலப் பற்றரி சில நூறு தடவைதான் தாங்கும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகை ஆயிரம் தடவைக்கு மேல் போகும், விலையும் அதற்கேற்ற மாதிரி.

ஆகவே எழுபது கிலோமீற்றர் ஓடும் உங்களுக்கு மலிவான கரண்ட் ஸ்கூட்டர் சரிவராது. ஆரையம்பதியில் இருந்து டவுனுக்குப் போகிறவருக்கு, கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் ஓடுகிறவருக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுச் சந்தைக்குப் போய் வருகிறவருக்கு நன்றாகச் சரிவரும். மலைநாட்டு ஆட்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. ஏற்றமே இல்லாத தரை.

3 ஜூலை, சற்றுப் பிறகு

மழைக்காலத்தை மறக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் நம் வீதிகள் எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காரைதீவு – அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் பாய்கிற நாளில் எந்த வண்டியும் இறங்கக் கூடாது. சின்ன வெள்ளத்தில் கரண்ட் ஸ்கூட்டர் ஓடும். ஆனால் பின் சில்லுக்குள் இருக்கிற மோட்டார் நீரில் அமிழ்ந்தால் பேரிங் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். உப்பு நீர் என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளத்தில் போன ஸ்கூட்டரை அன்றைக்கே கொண்டுவந்து கழற்றிக் காய வையுங்கள். "ஓடுது தானே" என்று விட்டால் இரண்டு மாதத்தில் நிற்கும்.

5 ஜூலை

காத்தான்குடியிலிருந்து ஆட்டோ ஓடும் நானா ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஏழைக்கு மைலேஜ் பாடம் எடுக்கிறீங்க. விலையைக் கூட்டினவங்களைக் கேக்க மாட்டீங்களா?"

கேட்கத்தான் வேண்டும் நானா. ஜூன் மாதம் இஸ்ரேலும் ஈரானும் அடித்துக்கொண்டபோது உலகச் சந்தையில் எண்ணெய் ஏறியது உண்மை. விலைச் சூத்திரப்படி மாதா மாதம் விலை மாற்றுகிறார்கள், அதுவும் சரி. ஆனால் நாம் கொடுக்கிற 305இல் எல்லாமே எண்ணெயின் விலை இல்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்க லீற்றருக்கு 50 ரூபாய் எடுக்கிறார்கள். உற்பத்தி வரி தனி. அதற்கு மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). கடன் யார் பட்டதோ, கட்டுவது காத்தான்குடி ஆட்டோக்காரரும் கல்லாற்றுத் தங்கச்சியும். காரில் ஏசி போட்டுப் போகிறவரும் லீற்றருக்கு அதே 50, சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற ஆட்டோவும் அதே 50. இது நியாயம் இல்லை என்றுதான் நானும் சொல்கிறேன்.

அது மாறும்வரை வண்டியை ஒழுகவிட வேண்டாம் என்பதும் என் பேச்சுத்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை.

6 ஜூலை

நானாவின் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை, இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் கடைசியில் 470. நான்கு மாதத்துக்குள். அந்த விலைக்கும் பெற்றோல் இல்லை. செட்டிலிருந்து தொடங்கி அடுத்த ஊர் வரை வரிசை. ஆட்டோவுக்குள்ளேயே ஆட்கள் தூங்கினார்கள், வீட்டிலிருந்து பிள்ளைகள் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி அளவாக வாங்குகிற பங்கீட்டு முறை வந்தது. தொடக்கத்தில் கிழமைக்கு பைக்குக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5. ஐந்து லீற்றரில் ஒரு கிழமை உழைப்பது எப்படி?

அந்த நாட்களில் ஆட்டோக்காரர்கள் என்னிடம் வந்து கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் ரெண்டு கிலோமீற்றர் கூட்டித் தாங்க." வால்வு இடைவெளியைச் சரிபார்த்தோம், கார்பரேட்டர் ஜெட் கழுவினோம், கிளச் பிளேட் மாற்றினோம். வெறும் வண்டியாகச் சுற்றி ஆள் தேடுவதை விட்டார்கள், போனில் ஹயர் எடுத்தார்கள். ரயில்வே கேற்றிலும் சந்தியிலும் எஞ்சினை அணைத்தார்கள். 2023 செப்டெம்பர் முதலாம் திகதி கியூ.ஆர். நிறுத்தப்பட்டது. அந்தப் பழக்கங்களும் அதோடு போய்விட்டன. எனக்கு இதுதான் வருத்தம். அவ்வளவு பாடுபட்டுப் படித்ததை இப்படி விட்டிருக்கக் கூடாது.

6 ஜூலை, இரவு

மண்ணெண்ணெய் கலப்பது பற்றிக் கேட்ட தம்பிக்கு: செய்யாதே மனே. மண்ணெண்ணெய் 185, பெற்றோல் 305 என்று பார்த்தால் ஆசை வரும். பெற்றோல் எஞ்சினுக்குள் அது முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். எஞ்சின் தட்டும். பிறகு சிலிண்டர் போரிங் செய்ய வருவாய். மிச்சம் பிடித்த காசெல்லாம் ஒரே பில்லில் போய்விடும். சட்டப்படியும் குற்றம்.

9 ஜூலை

வாழைச்சேனையிலிருந்து ஒரு கடல் தொழிலாளி: "நீங்க ஸ்கூட்டரைப் பற்றியே பேசுங்க. எங்களுக்கு ஒரு தரம் கடலுக்குப் போய்வர இருபது இருபத்தைந்து லீற்றர் மண்ணெண்ணெய். எங்க எஞ்சினுக்கு மைலேஜ் இருக்கா?"

இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான். 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் 87இலிருந்து 340 ஆனது. பெற்றோல் ஏற்றத்தைப் பற்றி நாடே பேசியது. இதைப் பற்றிக் கரையில் இருந்தவர்கள்தான் பேசினார்கள். இப்போது 185, போன மாதத்தை விட 7 ரூபாய் கூட. இருபத்தைந்து லீற்றருக்கு 175 ரூபாய் கூடுதல். வலை வெறுமையாக வந்த நாளிலும் அது கூடுதல்தான்.

வள்ளத்தில் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின் திருத்துவது என் தொழில் இல்லை. கல்முனையில் அந்த வேலை செய்கிற உறவினர் ஒருவரோடு பேசிவிட்டு எழுதுகிறேன். மண்ணெண்ணெய் எஞ்சினை பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடாக முன்னமே மாற்றினால் பாதி எரியாமல் போகும். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அதுதான். கரைக்கு வந்து அணைக்கும் முன்னர் பெற்றோலுக்குத் திரும்ப மாற்றி ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த ஸ்டார்ட் கஷ்டம். நீருக்குள் சுற்றுகிற விசிறியின் இலை கல்லில் பட்டு மடிந்திருந்தால் சீராக்க வேண்டும். வள்ளத்தின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருந்தால் சுரண்ட வேண்டும். முழு ஆக்ஸிலேட்டரில் ஓடுவதை விட முக்கால்வாசியில் ஓடினால் கொஞ்ச நேரம் பிந்தும், எண்ணெய் நன்றாக மிஞ்சும்.

இவ்வளவுதான் கையில் இருக்கிறது. ஸ்கூட்டர்காரருக்கு "நல்ல வண்டிக்கு மாறு" என்று சொல்ல முடியும். கடலுக்குப் போகிறவருக்கு எதற்கு மாறச் சொல்வது? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் குறைவாகக் குடிக்கும். ஆனால் அது பெற்றோலில் ஓடுவது, பாரமும் கூட, விலையைக் கேட்டால் வள்ளத்தையே விற்க வேண்டும். மானியம் என்று கொடுப்பதை லீற்றருக்குக் கொடுக்காமல் எஞ்சின் மாற்றக் கொடுத்தால் அந்தக் காசு வருடக் கணக்கில் மிஞ்சும். லீற்றருக்குக் கொடுத்தது அன்றைக்கே எரிந்து முடிகிறது.

10 ஜூலை

களுதாவளைத் தோட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். வெற்றிலைக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்கிற பம்பைச் சொல்கிறேன். எஞ்சினைத் திருத்தக் கொண்டுவருவார்கள். நான் போய்ப் பார்த்தால் எஞ்சினில் ஒன்றும் இருக்காது. கிணற்றுக்குள் இருக்கிற அடி வால்வு ஒழுகும், ஒவ்வொரு தரமும் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஸ்டார்ட் செய்வார்கள். அல்லது இரண்டு அங்குல பம்புக்கு ஒன்றரை அங்குலக் குழாய் போட்டிருப்பார்கள். பம்ப் கிணற்றடியில் நீருக்குக் கிட்ட இருக்கவேண்டும், வேலி ஓரம் நிழலில் இருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்தால் அதே எண்ணெயில் இன்னும் இரண்டு பாத்தி நனையும். கரண்ட் வசதி உள்ள தோட்டத்துக்கு மின் மோட்டார்தான், யோசிக்கவே வேண்டாம்.

14 ஜூலை

பஸ்ஸைப் பற்றி யாருமே பேசவில்லை என்று ஒரு அக்கா கோபித்திருக்கிறார். அவர் சொன்னது நியாயம்.

கணக்கைச் சொல்கிறேன். நிறைந்த பஸ் ஒன்று டீசல் லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். கல்லாற்றிலிருந்து டவுனுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர், ஒன்பது லீற்றருக்குக் கொஞ்சம் குறைய. டீசல் 289. கிட்டத்தட்ட 2,500 ரூபாய். ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு ஐம்பது ரூபாய் டீசல். அதே தூரத்துக்கு நல்ல ஸ்கூட்டருக்கு 213 ரூபாய். நான்கு மடங்கு. எந்த ஹைபிரிட் காரும் இந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது. நம் மாவட்டத்து வீதிகளில் எண்ணெயில் ஓடுகிற வாகனங்களில் ஆகச் சிக்கனமானது இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்தான்.

ஆனால் அக்கா, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆறு மணிக்குப் பிறகு டவுனில் நின்றால் எந்த பஸ் வரும், எப்போது வரும் என்று தெரியாது என்று. வேலை முடிய ஐந்தரை ஆகிற பெண் பிள்ளை எப்படி பஸ்ஸை நம்புவாள்? ஸ்கூட்டர் வாங்குவது ஆசைக்கு இல்லை. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை ரயில் கிடையாது. பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரை அரை மணிக்கு ஒரு பஸ் தெற்கே நிச்சயம் ஓடும் என்று உறுதி கொடுத்தால், இந்தக் கரையோரத்தில் எத்தனையோ ஸ்கூட்டர் வீட்டில் நிற்கும். வாகனச் சிக்கனம் என்று பேசுகிறவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டும்.

15 ஜூலை

அம்பிளாந்துறைத் தம்பி எழுதிய ஒரு வரி: "எங்களுக்குப் பாதை ஓடினால் பெற்றோல் மிச்சம், ஓடாவிட்டால் சுற்றித்தான் வரணும்."

வெளியூர் வாசகர்களுக்கு: ஆற்றைக் கடக்க ஆளையும் பைக்கையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்குத்தான் நாங்கள் பாதை என்போம். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் ஓடுகிறது, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் ஓடுகிறது. அது நின்ற நாளில் பட்டிருப்புப் பாலத்தாலோ மண்முனைப் பாலத்தாலோ சுற்ற வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது கொக்கட்டிச்சோலை ஆட்களுக்கு மிஞ்சிய பெற்றோலை எந்தப் புது எஞ்சினும் மிச்சப்படுத்தியிருக்காது.

19 ஜூலை

கேள்வி கேட்ட தங்கச்சி அளந்து எழுதியிருக்கிறார்: லீற்றருக்கு 36 கிலோமீற்றர். சந்தேகித்த இடத்தில்தான் இருக்கிறது. 2016 வண்டி, பெல்ட் மாற்றியதே இல்லை என்கிறார். ஸ்கூட்டரில் கியர் வேலையைச் செய்வது அந்த பெல்ட்டும் உள்ளே இருக்கிற உருளைகளும்தான். உருளை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையானால் வழுக்காமல் சிக்கும், எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. உங்களுக்குக் கிட்ட இருக்கிற நல்ல மெக்கானிக் பாஸிடம் பெல்ட், உருளை, பிளக், பில்டர் நான்கையும் மாற்றி, பிரேக்கைக் கழற்றித் துடைத்து கிறீஸ் போடச் சொல்லுங்கள். என்னிடம்தான் வரவேண்டும் என்று இல்லை.

27 ஜூலை

வாகன இறக்குமதி திறந்துவிட்டார்களே, ஹைபிரிட் கார் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். 2020 மார்ச்சில் மூடிய வாசல் இந்த பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருட ஏக்கம், புரிகிறது. ஆனால் வரியோடு வருகிற விலையைப் பாருங்கள். மிச்சமாகிற பெற்றோல் காசை மாதத் தவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தவணையின் ஒரு மூலைக்குக்கூட அது காணாது. குடும்பத்துக்குக் கார் தேவை என்றால் எடுங்கள், அது வேறு. பெற்றோல் மிச்சம் பிடிக்க என்று சொல்லிக்கொண்டு எடுக்க வேண்டாம்.

9 ஓகஸ்ட்

கல்லாற்றுத் தங்கச்சி ஸ்கூட்டரைத் திருத்தி மறுபடி அளந்திருக்கிறார்: 48. வேகத்தையும் 50க்குக் கீழே வைத்திருக்கிறாராம். நாளுக்கு 150 ரூபாய் அளவில் மிஞ்சும். மிக்க சந்தோசம்.

1 செப்டெம்பர்

92 ஒக்டேன் 6 ரூபாய் குறைந்து 299. "இனி இந்த இழைக்கு வேலை இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. 2022க்கு முந்திய டிசம்பரில் 177ஆக இருந்ததும் இதே பெற்றோல்தான். மூன்று இலக்கத்தில் ஆறு குறைந்ததற்காகக் காற்று அடிப்பதை நிறுத்த வேண்டாம்.

4 செப்டெம்பர்

ஏறாவூரிலிருந்து கேட்டவருக்கு: பாவித்த கரண்ட் ஸ்கூட்டர் எடுக்கும்போது மீற்றரில் நான்கு கோடு காட்டுவதை நம்ப வேண்டாம். முழுச் சார்ஜில் எடுத்து, நீங்களும் இன்னொருவரும் ஏறி, ஒரே மூச்சில் பத்துக் கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது கோடு மளமளவென்று இறங்கி, விட்டதும் திரும்ப ஏறினால் பற்றரி முடிகிற நேரம். சீற்றைத் தூக்கி பற்றரி முனைகளில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈய-அமிலம் என்றால் ஒவ்வொரு பெட்டியின் வோல்ட்டையும் தனித்தனியே மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஐந்தில் ஒன்று மட்டும் 12க்குக் கீழே கிடந்தால் அந்த ஒன்று மற்ற நான்கையும் கெடுக்கும். புதுப் பற்றரித் தொகுதியின் விலையைக் கடையில் கேட்டுவிட்டு, அதைக் கழித்துத்தான் ஸ்கூட்டருக்கு விலை பேசுங்கள். சார்ஜர் அதே வண்டிக்கு வந்த சார்ஜர்தானா என்றும் கேளுங்கள், வோல்ட் மாறிய சார்ஜரால் நல்ல பற்றரியும் ஊதிவிடும்.